காசு கைமாறும் முன்னே

மும்பை தாராவியில் எங்கள் கற்போர் வட்டம் இருக்கிறது. இரவு எட்டு மணிக்குக் கூடுவோம். தோல் பை தைப்பவர்கள் வருவார்கள். இட்லி வியாபாரம் செய்பவர்கள் வருவார்கள். வீட்டு வேலைக்குப் போகும் அக்காமார் வருவார்கள். எல்லாருக்கும் முன்னால் வந்து உட்காருபவர் ஒரு பெரியவர். அவருக்கு வயது அறுபத்தெட்டு. நாங்கள் அவரைக் 'காசுத் தாத்தா' என்று கூப்பிடுவோம்.

ஏன் இந்தப் பெயர்?

அவர் பழைய நாணயங்களைச் சேர்ப்பவர். தோல் பட்டறையில் வேலை செய்த காலத்திலேயே தொடங்கிய பழக்கம். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் சோர் பஜாருக்குப் போவார். ஓட்டைக் காலணா வாங்குவார். சதுரமான ஐந்து பைசா வாங்குவார். பூவைப் போல வளைந்த பத்துப் பைசா வாங்குவார். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார்.

"காசுல என்ன எழுதியிருக்குன்னு நானே படிக்கணும் தாயி. அதுக்குத்தான் வகுப்புக்கு வந்தேன்" என்று என்னிடம் சொல்வார்.

இப்போது அவர் ஆண்டைப் படிக்கிறார். எந்த ஊரில் அடித்த நாணயம் என்றும் சொல்கிறார். அதற்கு ஒரு வழி உண்டு. இந்திய நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். அங்கே சின்ன வைரக் கட்டம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. உங்கள் கையில் உள்ள நாணயத்தையும் எடுத்துப் பாருங்களேன்!

ஒரு செய்தி வந்தது

தாத்தாவுக்குப் பேரன் ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தான். நாணயம் சேர்ப்போர் குழு ஒன்றில் அவரைச் சேர்த்தும் விட்டான். பல ஊர்க்காரர்கள் அதில் இருக்கிறார்கள். படம் போடுவார்கள். விலை பேசுவார்கள். வாங்குவார்கள், விற்பார்கள்.

ஒருநாள் இரவு தாத்தா வேகமாக வந்தார். செல்போனை என்னிடம் நீட்டினார். அதில் ஒரு வெள்ளி ரூபாயின் படம் இருந்தது. கீழே இப்படி எழுதியிருந்தது:

"1939 ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய். அசல். எங்கள் தாத்தா பெட்டியில் இருந்தது. அவசரச் செலவு. 4,500 ரூபாய்க்குத் தருகிறேன். இன்று இரவுக்குள் பணம் அனுப்புகிறவருக்கே நாணயம்."

"தாத்தா, பணம் அனுப்பியாச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல தாயி. பேத்திக்குப் பள்ளிக்கூடத்துல கட்ட வச்சிருந்த பணம். இந்தக் காசை நான் முப்பது வருஷமாத் தேடுறேன். கை துறுதுறுங்குது. மனசு வேண்டாங்குது."

மனசு ஏன் வேண்டாம் என்றது? அன்று வகுப்பில் எல்லாரும் சேர்ந்து யோசித்தோம்.

அந்த நாணயத்தில் என்ன சிறப்பு?

வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் வெள்ளி ரூபாய் புழங்கியது. அதன் எடை 11.66 கிராம். பழைய கணக்கில் அது ஒரு தோலா. பன்னிரண்டு பங்கில் பதினோரு பங்கு வெள்ளி. ஒரு பங்கு வேறு உலோகம். 1940 ஆம் ஆண்டு முதல் வெள்ளியைக் குறைத்தார்கள். பாதிக்குப் பாதிதான் வெள்ளி. 1947 ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளியே இல்லை. நிக்கல் ரூபாய்தான் வந்தது.

1939 ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிதாகவே கிடைக்கும். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை இருக்கும். மறுபக்கம் ஆண்டு இருக்கும். அரிதான பொருளுக்கு விலை அதிகம். விலை அதிகமான பொருளுக்குப் போலியும் அதிகம். 1938 ஆம் ஆண்டு நாணயத்தில் கடைசி எண்ணைச் சுரண்டி 9 ஆக்கி விற்பதும் உண்டு.

இத்தனை அரிதான நாணயம் வெறும் 4,500 ரூபாய்க்கா? அதுதான் தாத்தாவின் மனத்தை உறுத்தியது.

சந்தேகம் எங்கே பிறக்கிறது?

நாங்கள் கரும்பலகையில் ஒவ்வொன்றாக எழுதினோம்.

விலை மிகவும் குறைவு. விவரம் தெரிந்தவர் அந்த விலைக்கு விற்க மாட்டார்.

அவசரப்படுத்துகிறார். "இன்று இரவுக்குள்" என்கிறார். யோசிக்க நேரம் தரவில்லை.

முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்கிறார். நேரில் காட்ட மாட்டேன் என்கிறார்.

குழுவுக்குப் புதியவர். சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகிறது. அவரிடம் முன்பு வாங்கியவர் யாரும் இல்லை.

அவர் சொன்ன பெயர் ஒன்று. பணம் போகும் கணக்கின் பெயர் வேறொன்று.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். செல்போனில் பணம் அனுப்பும் முன் ஒரு பெயர் திரையில் வரும். அது வங்கிக் கணக்கு வைத்திருப்பவரின் பெயர். பலர் அதைப் படிக்காமலே அழுத்திவிடுகிறார்கள். நமக்குத்தான் இப்போது படிக்கத் தெரியுமே! நிறுத்திப் படிப்போம். பெயர் மாறியிருந்தால் பணம் அனுப்ப வேண்டாம்.

கேட்டால் தெரியும்

சந்தேகம் வந்தவுடன் சண்டைக்குப் போக வேண்டாம். முதலில் கேட்க வேண்டும். தாத்தா நான்கு கேள்விகளை அனுப்பினார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதவில்லை. அவரே எழுதினார்.

ஒன்று: ஒரு தாளில் இன்றைய தேதியை எழுதுங்கள். அதன் மேல் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.

இரண்டு: நாணயத்தின் இரண்டு பக்கமும், ஓரமும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

மூன்று: நகைக்கடைத் தராசில் வைத்து எடை காட்டுங்கள்.

நான்கு: உங்களிடம் முன்பு வாங்கிய ஒருவரின் பெயர் சொல்லுங்கள்.

ஏன் இந்தக் கேள்விகள்? தேதி எழுதிய தாள் இருந்தால், நாணயம் இன்று அவர் கையில் இருப்பது தெரியும். வேறொருவர் படத்தைத் திருடிப் போட முடியாது. எடை காட்டினால் 11.66 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம். தேய்ந்த நாணயம் கொஞ்சம் குறையலாம். மிகவும் குறைந்தாலோ கூடினாலோ ஏதோ தவறு.

நாணயம் கைக்கு வந்த பிறகு காந்தம் வைத்தும் பார்க்கலாம். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அது வெள்ளி ரூபாய் இல்லை. ஆனால் ஒட்டாததெல்லாம் வெள்ளி ஆகிவிடாது. செம்பும் பித்தளையும் ஈயமும்கூட ஒட்டாது. அதனால் ஒரு சோதனையை மட்டும் நம்பக்கூடாது. தெரிந்த ஆளிடமும் காட்ட வேண்டும்.

நேர்மையான விற்பனைக்காரர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பத்து நிமிட வேலைதானே!

அந்த ஆள் என்ன பதில் சொன்னார் தெரியுமா?

"என்மேல் நம்பிக்கை இல்லையா? பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். வேண்டுமானால் வாங்குங்கள். இல்லாவிட்டால் விடுங்கள்."

படம் வரவில்லை. எடையும் வரவில்லை.

குழுவில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தார். அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தார். அது ஓர் ஏல விற்பனைப் பட்டியலில் முன்பே வந்த படம். அங்கிருந்து எடுத்துத் தன் நாணயம் என்று போட்டிருக்கிறார்.

சந்தேகம் வேறு, சான்று வேறு

அன்று குழுவில் பலருக்கும் கோபம் வந்தது. சிலர் கெட்ட வார்த்தையில் திட்ட நினைத்தார்கள். "திருடன் என்று போடுவோம். அவன் முகத்தை ஊரெல்லாம் பரப்புவோம்" என்றார்கள்.

தாத்தா தடுத்தார். அதற்குக் காரணம் உண்டு.

போன வருடம் அதே குழுவில் ஒன்று நடந்தது. ஒரு பெரியவர் சில செப்புக் காசுகளை விற்றார். பணம் வாங்கிக்கொண்டார். பொருள் பத்து நாளாக வரவில்லை. உடனே எல்லாரும் அவரை மோசடிக்காரர் என்று எழுதினார்கள். பன்னிரண்டாம் நாள் பொருள் வந்து சேர்ந்தது. மழையால் கூரியர் தாமதமாகியிருந்தது. காசுகளும் சரியாக இருந்தன. ஆனால் அந்தப் பெரியவர் மனம் உடைந்து குழுவை விட்டே போய்விட்டார்.

"நாமளும் ஒருத்தருக்கு அநியாயம் பண்ணினோமே தாயி" என்று தாத்தா இன்றும் சொல்வார்.

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். பணத்தை நிறுத்தி வைக்கச் சந்தேகம் போதும். அதற்குச் சான்று வேண்டியதில்லை. நம் பணம், நம் விருப்பம். ஆனால் ஒருவரைத் திருடன் என்று சொல்லச் சந்தேகம் போதாது. அதற்குச் சான்று வேண்டும். அதை முடிவு செய்ய வேண்டியது காவல் துறையும் நீதிமன்றமும்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா? அதுவும் கூடாது. நடந்ததை மட்டும் நடந்தபடி சொல்ல வேண்டும். தாத்தா குழுவில் இப்படி எழுதினார்:

"எல்லாருக்கும் வணக்கம். 1939 ரூபாய் விற்பவரிடம் நான்கு கேள்வி கேட்டேன். பதில் வரவில்லை. அவர் போட்ட படம் ஓர் ஏலப் பட்டியலில் முன்பே வந்துள்ளது. அதையும் இங்கே போட்டிருக்கிறேன். அவர் தன் பக்கத்தைச் சொல்லட்டும். அதுவரை யாரும் பணம் அனுப்ப வேண்டாம்."

இதில் வசவு இல்லை. பொய்யும் இல்லை. எச்சரிக்கை இருக்கிறது. அவருக்குப் பதில் சொல்ல இடமும் இருக்கிறது. தாத்தா குழுவில் எழுதிய முதல் நீண்ட செய்தி இதுதான். அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

குழுவை நடத்துபவர் மறுநாள் மாலை வரை பொறுத்தார். பதில் வரவில்லை. அந்த ஆளே குழுவை விட்டு வெளியேறிவிட்டார். அந்த எண்ணும் வேலை செய்யவில்லை.

வெட்கப்படாதீர்கள்

கதை இதோடு முடியவில்லை. அன்று இரவே தாத்தாவுக்கு ஒரு அழைப்பு வந்தது. குழுவில் இருந்த ஓர் அக்கா பேசினார். தையல் வேலை செய்பவர். இரண்டு நாளுக்கு முன்பே அதே ஆளுக்கு 3,000 ரூபாய் அனுப்பிவிட்டார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

"சொன்னா திட்டுவாங்க ஐயா. படிக்காதவ ஏமாந்துட்டான்னு சிரிப்பாங்க" என்று அழுதார்.

படித்தவர்கள் ஏமாறுவது இல்லையா? 2018 ஆம் ஆண்டு தில்லியில் ஒரு தந்தையையும் மகனையும் காவல் துறை கைது செய்தது. அரிசியை இழுக்கும் அதிசய உலோகம் இருக்கிறது என்று சொல்லி ஒரு வியாபாரியிடம் 1 கோடியே 43 லட்சம் ரூபாய் வாங்கினார்கள் என்பது புகார். பெரிய வியாபாரியே ஏமாந்தார். ஏமாந்தது குற்றம் இல்லை. ஏமாற்றியதுதான் குற்றம். நாம் வெட்கப்பட்டு மறைத்தால் ஏமாற்றியவருக்குத்தான் லாபம். அவர் அடுத்த ஆளைத் தேடிப் போவார்.

தாத்தா அந்த அக்காவிடம் ஓர் எண் சொன்னார். அது 1930. இணைய வழியில் பணம் ஏமாந்தவர்கள் புகார் சொல்லும் தேசிய உதவி எண். நாட்டில் எங்கிருந்தும் கூப்பிடலாம்.

எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. ஏன்? பணம் முதலில் ஒரு கணக்குக்குப் போகும். அங்கிருந்து வேறு கணக்குக்கு மாற்றிவிடுவார்கள். பிறகு கையில் எடுத்துவிடுவார்கள். எடுக்கும் முன் புகார் போனால், அந்தக் கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்க முடியும்.

கூப்பிடும்போது இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் வங்கியின் பெயர், பணம் அனுப்பிய தேதி, நேரம், தொகை, பணப் பரிமாற்ற எண், ஏமாற்றியவரின் செல்போன் எண். புகார் கொடுத்ததும் ஓர் எண் தருவார்கள். அதை எழுதி வையுங்கள். உங்கள் வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள்.

காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ஏமாற்றியவர் வேறு மாநிலத்தில் இருக்கலாம். "அங்கே போய்க் கொடு" என்று உங்களை அனுப்பத் தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று முக்கியம். கோபத்தில் அந்த ஆளின் செய்திகளை அழித்துவிடாதீர்கள். அவைதான் சான்று. திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

அந்த அக்கா இரண்டு நாள் தாமதமாகத்தான் புகார் சொன்னார். பணம் இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் புகார் பதிவாகியிருக்கிறது. அவர் வீட்டிலும் சொல்லிவிட்டார். "திட்டினாங்க. ஆனா கூட வந்து உட்கார்ந்து புகார் எழுதினாங்க" என்றார்.

இரண்டாவது வலை

அதற்குப் பிறகு அந்த அக்காவுக்குப் புது எண்ணிலிருந்து ஒருவர் பேசினார். "உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம். நாங்கள் அனுப்பும் கட்டத்தை ஸ்கேன் செய்யுங்கள். உங்கள் பின் நம்பரைப் போடுங்கள்" என்றார்.

இது இரண்டாவது வலை. பணம் வாங்க ஸ்கேன் செய்ய வேண்டியதே இல்லை. பணம் வாங்கப் பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் போட்டால் நம் பணம் வெளியே போகும். உள்ளே வராது. அக்கா இந்த முறை ஏமாறவில்லை. போனை வைத்துவிட்டார்.

வேறு சில வேடங்கள்

ஏமாற்றுபவர் எப்போதும் விற்பவராகவே வர மாட்டார். வாங்குபவராகவும் வருவார். "உங்கள் பழைய நோட்டுக்கு லட்ச ரூபாய் தருகிறோம். முதலில் வரியும் கமிஷனும் கட்டுங்கள்" என்பார். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டுவார். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைப் பற்றி மக்களை எச்சரித்தது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையை அது செய்வது இல்லை. அதற்காக யாரிடமும் கட்டணம் கேட்பதும் இல்லை. யாரையும் தன் சார்பில் கேட்கச் சொன்னதும் இல்லை.

1818 என்று ஆண்டு போட்ட செப்புக் காசும் வரும். ஒரு பக்கம் அனுமான் அல்லது ராமர் படம் இருக்கும். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி என்று இருக்கும். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை. பின்னாளில் யாரோ அச்சடித்தது. சாமி படத்துக்கு வணக்கம் சொல்வோம். விலை மட்டும் கொடுக்க வேண்டாம்.

"வயலில் தோண்டும்போது கிடைத்தது" என்று சொல்லி விற்றால் இன்னும் கவனம் தேவை. மண்ணில் புதைந்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு உடையது என்றால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். இது 1878 ஆம் ஆண்டுச் சட்டம். அப்படிப்பட்ட பொருளை மறைவாக வாங்கினால் நமக்கும் தொல்லை வரலாம்.

நினைவில் வைப்போம்

அவசரப்படுத்தினால் நிற்போம்.

கேள்வி கேட்போம். கோபப்பட்டால் விலகுவோம்.

பணம் போகும் கணக்கின் பெயரைப் படிப்போம்.

பொருளைக் கையில் பார்த்துப் பணம் தருவதே நல்லது.

சான்று இல்லாமல் யாரையும் திருடன் என்று சொல்ல மாட்டோம்.

ஏமாந்தால் மறைக்க மாட்டோம். உடனே 1930ஐக் கூப்பிடுவோம்.

தாத்தாவின் டப்பாவில் 1939 ஆம் ஆண்டு ரூபாய் இன்னும் இல்லை. பேத்தியின் பள்ளிக்கூடப் பணத்தைக் கட்டிவிட்டார். ரசீதைக் கொண்டுவந்து வகுப்பில் எங்களுக்குப் படித்துக் காட்டினார்.

"காசு இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குக் கிடைக்கும் தாயி. தேடுறதுல ஒரு சந்தோஷம் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

பேசிப் பார்ப்போம்

1. தாத்தா கேட்ட நான்கு கேள்விகள் எவை? நீங்களாக இருந்தால் ஐந்தாவதாக என்ன கேட்பீர்கள்?

2. தையல்கார அக்கா ஏன் வீட்டில் சொல்லவில்லை? உங்கள் வீட்டில் ஒருவர் ஏமாந்தால் நீங்கள் முதலில் என்ன சொல்வீர்கள்?

3. 1930 என்ற எண்ணை உங்கள் வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் எழுதிக் கொடுங்கள்.